சின்னக் கேமராவில் பூவைப் பிடிப்பது

சட்டைப் பையில் அடங்கும் சாதாரண காம்பாக்ட் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1/2.3 அங்குலம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அளந்து பார்த்தால் அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. கல்யாண வீடுகளில் படமெடுப்பவர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சார் 36க்கு 24 மி.மீ. பரப்பளவில் ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம். பூக்களைப் படமெடுக்கும்போது காம்பாக்ட் கேமரா தரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த அளவிலிருந்துதான் வருகின்றன. அது தரும் வசதிகளும் அப்படித்தான்.

சென்சார் சிறியது என்பதால் அதற்கு முன்னால் பொருத்தும் லென்ஸின் குவியத்தூரமும் குறைவு. ஜூம் செய்யாத நிலையில் 4 அல்லது 5 மி.மீ.தான் இருக்கும். குவியத்தூரம் குறையக் குறைய, படத்தில் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடிக்கொண்டே போகும். மொட்டைமாடித் தொட்டியில் பூத்த ரோஜாவை எடுத்தால் பின்னால் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி, பிளாஸ்டிக் குழாய், கொடியில் காயும் துணி எல்லாமே சேர்ந்து பளிச்சென்று விழுவது இதனால்தான். லென்ஸில் திறப்பளவு எஃப் 2.8 என்று எழுதியிருக்கலாம். பின்னணியை மங்கவைக்கும் விஷயத்தில் அது ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 16 வைத்ததற்குச் சமம். பத்திரிகை அட்டையில் பார்த்த, பின்னணி கரைந்துபோன ரோஜாவை இதில் எதிர்பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

ஆனால் அதே சிறிய லென்ஸ் பூவுக்கு மிக அருகே போய்ப் பார்க்க வல்லது. பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் 5 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்யும். சில மாடல்கள் 1 செ.மீ. வரைகூட நெருங்கும். பெரிய கேமராவில் இந்த வேலைக்குத் தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும், அதன் விலையோ பல சமயம் ஒரு காம்பாக்ட் கேமராவின் விலையைத் தாண்டும். ஆகவே இந்தக் கேமராவை வைத்திருப்பவர் ரோஜாவில் தொடங்குவதைவிட, யாரும் குனிந்து பார்க்காத பொடிப் பூக்களில் தொடங்குவது புத்திசாலித்தனம். தும்பை, எருக்கு, நெருஞ்சி, கறிவேப்பிலைப் பூ, முருங்கைப் பூ, வேலியோரத்து உண்ணிச்செடி எல்லாம் இந்தச் சின்ன சென்சாருக்கென்றே பூத்தவை.

தும்பையையே எடுத்துக்கொள்ளலாம். தண்டைச் சுற்றி உருண்டையாக இருக்கும் கொத்தில் ஒரு சமயத்தில் சில பூக்களே விரிந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. அளவுதான். நின்றபடி எடுத்தால் பச்சைக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். கேமராவைச் செடியின் உயரத்துக்கு இறக்கி, மேக்ரோ என்ற நெருக்கப்பட முறையில் சில செ.மீ. தூரத்துக்குப் போனால் பூவுக்கு இரண்டு உதடுகள் இருப்பது தெரியும். கீழுதடு அகலமாக விரிந்து, வரும் வண்டுக்கு உட்கார இடம் கொடுக்கிறது. மேலுதடு முக்காடு போட்டதுபோல வளைந்து மகரந்தப் பைகளை மூடியிருக்கிறது. அதன்மேல் வெண்ரோமம் அடர்ந்திருக்கிறது. அந்த ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் படம் வெற்றி. எருக்கம்பூவில் நடுவே நிற்கும் ஐந்து மூலைக் கிரீடமும் இப்படித்தான். கண்ணால் பார்த்ததைவிடப் படத்தில் பார்க்கும்போதுதான் அதன் கட்டுமானம் புரியும்.

மேக்ரோவைப் போடக் கேமராவின் பின்புறத்தில் பூ வடிவக் குறியுள்ள பொத்தான் இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான். மேக்ரோவைப் போட்டுவிட்டு, போதாதென்று ஜூமையும் இழுக்கிறார்கள். காம்பாக்ட் கேமராவில் அந்த 5 செ.மீ. கணக்கு ஜூம் செய்யாத அகலக் கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். ஜூமை நகர்த்தியதும் நெருங்கக்கூடிய தூரம் 40, 50 செ.மீ. என்று தாவிவிடும், சில மாடல்களில் ஒரு மீட்டரைத் தொடும். ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று கேமரா திரையில் சிவப்போ மஞ்சளோ காட்டி மினுக்கும். அதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்தினால் பூவுக்குப் பின்னால் உள்ள செங்கல் சுவர்தான் தெளிவாக வரும். டிஜிட்டல் ஜூம் என்பதை மெனுவில் போய் ஒரேயடியாக அணைத்துவிடலாம். அது லென்ஸின் வேலை அல்ல, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை வீட்டில் கணினியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

நெருங்குவதிலும் அளவு வேண்டும். 1 செ.மீ. வரை போகும் கேமராவை 1 செ.மீ.க்கே கொண்டுபோனால் கேமராவின் நிழலே பூவின்மேல் விழும், மேலே உட்கார்ந்த தேனீ பறந்துவிடும், லென்ஸுக்கு அருகே உள்ள இதழ் மற்றவற்றைவிடப் பூதாகாரமாகத் தெரியும். 6, 7 செ.மீ. தள்ளி நின்று எடுத்துப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் நல்ல பலன் தரும். வெயில் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பதைவிடப் பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்றால் நிழல் தொல்லை பாதி தீரும்.

செம்பருத்தி, ரோஜா, தாமரை, கல்வாழை போன்ற பெரிய பூக்களுக்கு வழி நேர்மாறானது. மேக்ரோவை மறந்துவிட்டு, ஜூமைக் கடைசி வரை இழுத்து, கேமரா அனுமதிக்கும் மிகக் குறைந்த தூரத்தில் நின்று எடுக்க வேண்டும். இதில் பின்னணி மங்குவது கொஞ்சம்தான். அசல் லாபம் வேறு. 28 மி.மீ.க்கு இணையான அகலக் கோணத்தில் கேமரா பக்கவாட்டில் சுமார் 65 பாகை பார்க்கிறது. ஐந்து மடங்கு ஜூமில், அதாவது 140 மி.மீ.க்கு இணையான முனையில், 15 பாகைக்கும் குறைவாகவே பார்க்கிறது. பூ அதே அளவில் படத்தில் நிற்க, பின்னணியில் ஒரு சிறு துண்டு மட்டும் உள்ளே வரும். சிறு துண்டு என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் வெள்ளைச் சுவர் போய், மாமரத்தடியின் இருட்டு வந்துவிடும்; கொஞ்சம் குனிந்தால் குப்பைக் கூடை மறைந்து வானம் வரும்.

சொல்லப்போனால், காம்பாக்ட் கேமராவில் பூப்படம் எடுப்பவர் பூவைவிடப் பின்னணியைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பூ எப்படியும் அழகாகத்தான் இருக்கும். பின்னணியைக் கேமரா மங்கவைத்துக் கொடுக்காது என்றால், அதை எடுப்பவரே ஒழுங்குபடுத்தியாக வேண்டும். தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு: தொட்டியை நகர்த்தலாம். சுவரை ஒட்டி இருக்கும் தொட்டியை மூன்று மீட்டர் முன்னே இழுத்து வைத்தாலே சுவரின் கறை, விரிசல் எல்லாம் ஓரளவு கரைந்துவிடும். நகர்த்த முடியாத செடிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியையோ, கடும்பச்சை சார்ட் தாளையோ பிடிக்கலாம். துணி பூவை ஒட்டாமல் இரண்டடியாவது தள்ளி, நிழலில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் மடிப்பும் நூலும் தெரிந்து குட்டு வெளிப்படும்.

வெற்றுப் பின்னணியில் செடிகளை எடுப்பது மட்டமான உத்தி என்று நினைப்பவர்கள் கார்ல் பிளாஸ்ஃபெல்ட்டின் படங்களைப் பார்க்கலாம். பெர்லினில் ஓவிய, வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய அவர், புகைப்படக்கலையை முறையாகப் படித்தவர் அல்ல. தாமே உருவாக்கிய கேமராவைக் கொண்டு, மொட்டுகளையும் தண்டுகளையும் விதைகளையும் பல மடங்கு பெரிதாக, சாதாரண அட்டைகளின் முன்னால் வைத்துப் படமெடுத்தார். மாணவர்களுக்கு இயற்கையின் வடிவங்களைக் காட்டுவதுதான் நோக்கம். 1928இல் 'உர்ஃபார்மன் டெர் குன்ஸ்ட்' என்ற புத்தகமாக அவை வந்தபோது, அறுபதைத் தாண்டிய ஆசிரியர் பேர்பெற்ற கலைஞராகிவிட்டார். அந்தப் படங்களில் பின்னணி என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஃபோகஸ். காம்பாக்ட் கேமரா தன் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு எங்கே கூர்மையாகிறது என்று தேடிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்கிறது. மடிப்போ கோடோ இல்லாத ஒரே நிற இதழை அதன் முன் காட்டினால் பிடிப்பு கிடைக்காமல் தடுமாறி, பின்னால் உள்ள இலை நரம்புகளில் போய் நின்றுவிடும். இதழின் ஓரம், மகரந்தம், புள்ளி, வரி ஏதாவது ஒன்றைத் திரையின் நடுவே வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்ததும் விரலை எடுக்காமலே கேமராவை வேண்டிய பக்கம் லேசாகத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்த வேண்டும். அப்படியும் கிடைக்கவில்லையென்றால், பூ இருக்கும் அதே தூரத்தில் விரல்நுனியை நீட்டி அதில் ஃபோகஸ் செய்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். முகம் கண்டறியும் வசதிக்குப் பூவிடம் வேலையில்லை. நடுப்புள்ளி ஃபோகஸுக்கு மாற்றிவிடுவது நல்லது.

சின்ன சென்சாரில் தெளிவின் ஆழம் அதிகம் என்றாலும், 5 செ.மீ. தூரத்தில் அது சில மில்லிமீட்டர்களாகச் சுருங்கிவிடும். அந்தச் சில மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. செம்பருத்தியில் இது நன்றாகத் தெரியும். பூவின் நடுவிலிருந்து பல செ.மீ. நீளத்துக்குக் கம்பம்போல ஒரு தூண் வெளியே நீள்கிறது; அதன் பக்கங்களில் மஞ்சள் மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சிவந்த சூல்முடிகள். நேர் எதிரே நின்று எடுத்தால் நுனி தெளிவானால் இதழ் மங்கும், இதழ் தெளிவானால் நுனி மங்கும். பக்கவாட்டுக்கு நகர்ந்து, அந்தத் தூண் கேமராவின் முதுகுக்கு இணையாக வரும்படி பார்த்துக்கொண்டால் அடி முதல் நுனி வரை ஒரே சீராகத் தெளியும். காகிதப்பூவில் வேறு கணக்கு. கண்ணைப் பறிக்கும் ஊதாவும் சிவப்பும் இதழ்கள் அல்ல, வண்ணம் பெற்ற இலைகள். அசல் பூ உள்ளே சிறு குழலாக, நுனியில் வெள்ளை நட்சத்திரமாக இருக்கிறது. ஃபோகஸ் அந்த வெள்ளையில் நிற்க வேண்டும். நிறத்தில் மயங்கி அதைத் தவறவிட்ட படங்கள் ஏராளம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நமது ஊரின் பதினொரு மணி வெயில் பூவுக்கு ஆகாது. வெளிச்சப் பக்கம் வெளுத்தும் நிழல் பக்கம் கறுத்தும் போகும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் திறன் சின்ன சென்சாருக்கு இல்லை. மேகம் மூடிய நாள்தான் நல்ல நாள். வெயில் அடித்தே தீரும் என்றால் வெள்ளை வேட்டியை ஒருவர் பூவுக்கு மேலே விரித்துப் பிடித்தால் போதும், நிழல்கள் மெத்தென்று ஆகிவிடும். இருட்டாக இருக்கும் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் தட்டை நிறுத்தினால் அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த சூரியன் பூவுக்குப் பின்னாலிருந்து வரும்போது எடுத்தால், கல்வாழை, செம்பருத்தி போன்ற மெல்லிய இதழ்களின் வழியே ஒளி ஊடுருவி நரம்புகள் எல்லாம் தெரியும். அப்போது வெயில் நேராக லென்ஸில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸில் விரல் ரேகை இருந்தால் இந்தக் கோணத்தில் படம் முழுவதும் புகை மண்டும். எடுப்பதற்கு முன் ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதற்கு ஈடான உபகரணம் கடையில் கிடையாது.

பூக்களுக்கும் அவற்றின் நேரம் உண்டு. தாமரை காலையில் விரிந்து வெயில் ஏறியதும் கூம்பத் தொடங்கும். பவளமல்லி இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும். அதைச் செடியில் எடுப்பதைவிட, ஆரஞ்சு நிறக் காம்பு மேல்நோக்கியபடி தரையில் கிடக்கும்போது எடுப்பதே அழகு. பத்துமணிப் பூவுக்கு வெயில் வந்தாக வேண்டும். அந்திமந்தாரை மாலையில்தான் கண் திறக்கும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலைக்குள் சிவப்பேறி வாடும். ரங்கூன் மல்லி வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும்; ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். எந்தப் பூவானாலும் விரிந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதன்பின் இதழோரம் சுருங்குவதைக் கண் மன்னித்துவிடும், மேக்ரோ மன்னிக்காது.

நிறம்தான் அதிகம் சிக்கல் தருவது. செம்பருத்தியின் சிவப்பு பல கேமராக்களில் மடிப்பே இல்லாத பிளாஸ்டிக் சிவப்பாக வருவதுண்டு. சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. பூவில் பச்சையும் நீலமும் குறைவு என்பதால் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோலக் காட்டினாலும், சிவப்பு மட்டும் அதன் உச்சவரம்பைத் தாண்டி வழிந்துவிடுகிறது. வழிந்த இடத்தில் இதழ் நரம்பின் விவரம் பதிவாகவே இல்லை. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கூட்டல், கழித்தல் குறியுள்ள எக்ஸ்போஷர் பொத்தானில் கழித்தல் 0.7 முதல் 1 வரை வைத்து எடுத்தால் சிவப்பு ஆழமாக, மடிப்புகளோடு வரும். நிறங்களை அழுத்திக் காட்டும் 'விவிட்' முறையைப் பூவுக்கு வைக்கவே கூடாது.

வெள்ளைப் பூவில் கணக்கு இரண்டு விதம். கேமராவின் அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மல்லிகை படம் முழுக்க நிறைந்திருந்தால் அது அழுக்கு வெள்ளையாகிவிடும். அங்கே கூட்டல் பக்கம் போக வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றை நந்தியாவட்டை இருந்தால் கேமரா இலைகளைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கி, பூவை வெளுத்துவிடும், அங்கே கழித்தல். சங்குப்பூ போன்ற நீலப் பூக்கள் திரையில் ஊதாவாகத் தெரிந்தால் எடுப்பவர் மேல் தவறில்லை. பல நீலப் பூக்கள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஆழ்சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்புகின்றன. கேமரா அதையும் கொஞ்சம் சேர்த்துப் பதிந்துவிடுகிறது. ஃபிலிம் காலத்திலிருந்தே உள்ள தொல்லை இது. மர நிழலில் எடுக்கும்போது இலைகளின் பச்சை வெள்ளை இதழ்களில் ஏறிக்கொள்வதும் உண்டு. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து மாற்றி, மேகக் குறியையோ நிழல் குறியையோ வைத்துப் பார்க்கலாம்.

காற்றும் கையும் ஆடுவது மிச்சமுள்ள பகை. நெருக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவும் பெரிதாகத் தெரியும். பொழுது விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் காற்று பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆடும் தண்டை, குச்சியில் கட்டிய துணிக் கிளிப்பால், படத்தில் விழாத இடத்தில், நசுங்காமல் பிடித்து நிறுத்தலாம். அரிசியோ மணலோ நிரப்பிய சிறு துணிப்பையின்மேல் கேமராவை வைத்து, 2 விநாடி டைமரில் எடுத்தால் பொத்தானை அழுத்தும் அதிர்வும் இருக்காது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 80 முதல் 200க்குள் வைத்திருப்பதே இந்தச் சென்சாருக்குப் பாதுகாப்பு. 400ஐத் தாண்டினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். அதை நீக்குகிறேன் பேர்வழி என்று கேமரா இதழின் நயத்தையும் சேர்த்து வழித்துவிடும். ஃப்ளாஷை அணைத்தே வைக்கலாம். மேக்ரோ தூரத்தில் லென்ஸ் குழலே அதன் வெளிச்சத்தை மறைத்துப் படத்தின் ஒரு மூலையில் நிழலடிக்கும், மற்ற இடத்தில் பூ வெந்துபோகும்.

இதழில் பூச்சி கடித்த ஓட்டை, சிலந்தி நூல், தூசு இவையெல்லாம் எடுத்த பிறகே கண்ணில் படுவது வழக்கம். எடுப்பதற்கு முன் பூவை ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பது அரை மணி நேரத் திருத்த வேலையை மிச்சப்படுத்தும். ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்துப் 'பனித்துளி' உண்டாக்குவது பலருக்குப் பிடிக்கிறது. உச்சி வெயில் நிழல்களோடு பனித்துளியும் இருக்கும் படம் யாரையும் ஏமாற்றாது.

ஒரே செடியிடம் பல நாள் திரும்பத் திரும்பப் போவது, ஊர் ஊராக மலர்க் கண்காட்சிக்குப் போவதைவிடக் கற்றுக்கொடுக்கும். உதகை தாவரவியல் பூங்காவின் மே மாதக் கண்காட்சியில் பூக்கள் குவிந்திருந்தாலும், கூட்டத்தின் கால்களும் விளம்பரப் பலகைகளும் இல்லாத பின்னணி அங்கே அரிது. அமெரிக்கப் புகைப்படக்காரர் இமோஜன் கன்னிங்ஹாம் 1920களில் மூன்று சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டைவிட்டு அதிகம் நகர முடியாதிருந்த காலத்தில், வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே எடுத்தார். அவருடைய மக்னோலியா படங்கள் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இப்படிப் பின்தொடர ஏற்றது. தலைகீழாகத் தொங்கும் பூவில் நெளிநெளியான இதழ்கள் மேல்நோக்கி மடிந்திருக்கும், மகரந்தத் தாள்கள் குடைக் கம்பிகளாகப் பக்கவாட்டில் விரிந்திருக்கும், சூல்தண்டு செங்கோணமாக ஒருபுறம் மடங்கியிருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு சிவப்பும் மஞ்சளும். கடைசியில் முழுச் சிவப்பு. மேலிருந்து எடுத்தால் இந்த அமைப்பு எதுவும் தெரியாது. கேமராவைப் பூவின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு என்பதால் படத்துக்காகப் பறிக்காமல் விடுவது இரு தரப்புக்கும் நல்லது.

ஒவ்வொரு கோணத்திலும் கேமராவை ஒரு நூலளவு முன்னும் பின்னும் அசைத்து நாலைந்து படம் எடுத்து, கேமராவின் சின்னத் திரையை நம்பாமல் கணினியில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலானவற்றை அழிக்க வேண்டிவரும். மிஞ்சியதில் செய்ய வேண்டியது கொஞ்சம்: ஓரங்களை வெட்டுவது, கறுப்பும் வெளுப்பும் சரியாக நிற்கும்படி வெளிச்சத்தைத் திருத்துவது. கிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். வெட்டத் தயங்க வேண்டியதில்லை. 10க்கு 15 செ.மீ. அளவில் அச்சிட சுமார் 20 லட்சம் பிக்சல் இருந்தால் போதும், ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட 90 லட்சம் வரை வேண்டும். 160 லட்சம் பிக்சல் எடுக்கும் கேமராவில் படத்தின் ஏறக்குறைய பாதியை வெட்டி எறிந்தாலும் சுவரில் மாட்டும் அளவுக்கு மீதி இருக்கும்.